கரிசல் மண்ணில் வீடு வாங்கப் போறீங்களா? உங்களுக்குன்னு ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போங்க!



எங்க விருதுநகர், சிவகாசிப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வருதுன்னா, வாங்கப் போறவங்க யார் யாரைக் கூட்டிட்டுப் போறாங்கன்னு கவனிச்சிருக்கேன். முதலில் புரோக்கர். அடுத்து மனையடி பார்க்கிறவர். அவர் டேப் வைத்து அறை அறையாக அளந்து, பத்தடி ஆகும், ஒன்பதடி ஆகாது, வாசல் இப்படி இருக்கணும், சமையல்கட்டு அப்படி இருக்கணும் என்று சொல்லிவிட்டு, வெற்றிலை பாக்கோடு தட்சணையும் வாங்கிக்கொண்டு போவார். அப்புறம் பத்திரம் பார்க்க வக்கீல். பேங்க் லோன் என்றால் பேங்க்காரர்கள் அனுப்புகிற மதிப்பீட்டாளர் ஒருத்தர். கடைசியாக சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய!

இத்தனை பேர் வந்து போன பிறகும், "இந்தச் சுவர் இன்னும் இருபது வருஷம் நிக்குமா? மழைக்குத் தளம் ஒழுகுமா? அஸ்திவாரம் எத்தனை அடி போட்டிருக்கு?" என்று கேட்க ஒருத்தரும் இல்லை. வீட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வீடு வாங்குகிறோம்.

அட்வான்ஸ் கொடுக்கிற பணம் பெரும்பாலும் எங்கிருந்து வருது? நம்ம கழுத்திலிருந்தும் கையிலிருந்தும்தான். எங்க வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறார். பதினோரு வருஷமாக விருதுநகரில் வாடகை வீடு. சீட்டுப் பணம், என் நகை, மீதிக்கு பேங்க் லோன். இதுதான் எங்க கணக்கு. இந்தப் பணம் போனால் இன்னொரு தடவை சேர்க்க எங்களுக்கு வயசு இல்லை. அதனால்தான் இரண்டு வருஷமாக வீடு பார்த்ததில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் படித்தது பத்தாம் வகுப்புதான். ஆனால் கேட்பதற்கு வெட்கப்பட மாட்டேன்.

என் சித்தப்பா மகள் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் இருக்கிறாள். அவள் போனில் சொன்னது. அங்கே வீடு வாங்கும்போது 'ஹோம் இன்ஸ்பெக்டர்' என்று ஒருத்தரை வாங்குகிறவர் பணம் கொடுத்துக் கூப்பிடுவாராம். அவர் கூரையிலிருந்து சாக்கடை வரை பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பார். டெக்சஸில் அந்த வேலைக்கு அரசு லைசென்ஸ் வேண்டும். இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், அங்கேயும் நம்ம கரிசல் மாதிரியே கறுப்புக் களிமண் நிறைய இருக்காம். வீடுகள் நம்ம ஊர் மாதிரியே விரிசல் விடுமாம்! இங்கிலாந்தில் அந்த ஆளை 'சர்வேயர்' என்கிறார்கள். நம்ம ஊரில் சர்வேயர் என்றால் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர். பெயரைக் கேட்டு யாரும் தாலுகா ஆபீசுக்குப் போய்விடாதீர்கள்.

நம்ம ஊரில் 'வீட்டு இன்ஸ்பெக்டர்' என்று தனியாக ஒரு உத்தியோகம் கிடையாது. அந்த வேலையைச் செய்யத் தகுதியானவர் சிவில் இன்ஜினியர்தான். ஆனால் எந்த சிவில் இன்ஜினியர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அதற்கு முன்னால் இந்த மண்ணைப் பற்றி நாலு வார்த்தை. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை பக்கம் நிறைய இடம் கரிசல். மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போகப்போக செம்மண் வந்துவிடும். கரிசல் பருத்திக்கு நல்லது, வீட்டுக்குப் பொல்லாதது. ஐப்பசி, கார்த்திகையில் மழை குடித்து மண் உப்பும். சித்திரை, வைகாசியில் காய்ந்து, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். காட்டில் அந்த வெடிப்பைப் பார்த்திருப்பீர்கள். அதே மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. அஸ்திவாரம் மேலாக இருந்தால், வருஷா வருஷம் மண் அதைத் தூக்கும், இறக்கும். வீடு முழுவதும் ஒரே மாதிரி ஏறி இறங்கினால்கூடப் பரவாயில்லை. ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ச்சல் என்று இருந்தால்தான் சுவர் பிளக்கும்.

கரிசல் ரொம்ப ஆழமாக இருக்கிற இடத்தில் மேலே உள்ள மண் மட்டும்தான் இப்படி ஆடும். மூன்றரை மீட்டர், அதாவது பதினோரு அடிக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டால் ஆட்டம் அடங்கிவிடும் என்பது கணக்கு. அதனால்தான் ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள், அடியில் குடம் மாதிரி அகலமாகிற ஒரு வகைத் தூண் அஸ்திவாரத்தையே இந்த மண்ணுக்காக உருவாக்கினார்கள். அந்தத் தூணை அவ்வளவு ஆழம் இறக்குவார்கள். அதற்கு முன்பே சுக்கானோ பாறையோ வந்துவிட்டால் அதன் மேல் உட்கார வைக்கலாம். ஆனால் விற்பதற்காக அவசரமாகக் கட்டுகிற வீட்டில் வானம் எத்தனை அடி தோண்டினார்கள் என்பது மண்ணுக்கு அடியில் போன ரகசியம். மேலே பெயிண்ட் மட்டும்தான் நமக்குத் தெரியும்.

"பேங்க்கிலிருந்து ஆள் வந்து பார்த்துட்டாங்க, பிளான் அப்ரூவலும் இருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். எங்க வீட்டுக்காரரே கேட்டார். பேங்க் அனுப்புகிற மதிப்பீட்டாளர் பார்ப்பது, கொடுக்கிற கடனுக்கு அந்தச் சொத்து பெறுமா என்பதை. நாளைக்கு நாம் தவணை கட்டாவிட்டால் ஏலம் விட்டு எடுக்க முடியுமா என்பதுதான் அவருடைய கவலை. தளம் ஒழுகுவது அவர் தலையில் இல்லை, நம்ம தலையில்தான்! அவர் படித்தவர், பதிவு பெற்றவர், எல்லாம் சரி. ஆனால் அவர் பேங்க்கோட ஆள்.

பிளான் அப்ரூவலும் அப்படித்தான். 2014 ஜூன் 28ந் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் அப்படியே சரிந்து விழுந்ததே, 61 பேர் இறந்துபோனார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கட்டடத்துக்கு அப்ரூவல் இருந்தது. பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதில் வீடு பதிவு செய்திருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். தாளில் இருக்கிற பிளான் வேறு, மண்ணில் நிற்கிற கட்டடம் வேறு. இப்போது 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டுகிற வீட்டுக்கு, நாமே உறுதிமொழி கொடுத்து ஆன்லைனில் அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டது. அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் முன்கூட்டியே அதிகாரி வந்து பார்த்திருப்பார் என்ற நினைப்பை இனிமேல் விட்டுவிட வேண்டியதுதான்.

இனி எங்க கதைக்கு வருகிறேன். போன வருஷம் விருதுநகரிலேயே ஒரு புது வீடு வந்தது. ஊர், தெரு எல்லாம் வேண்டாம். ஒருத்தர் விற்பதற்காகவே கட்டியது. கிரானைட் மேடை, மாடுலர் கிச்சன், வாசலில் தேக்கு நிலை. எங்க வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மதினி, அதாவது அவருடைய அக்கா, "இதை விட்டுராதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. புரோக்கர் தம்பியோ, "அண்ணாச்சி, நாளைக்கே அட்வான்ஸ் போட்டுருங்க, இன்னொரு பார்ட்டி ரெடியா நிக்குது"ன்னு அவசரப்படுத்தினார்.

நான், "ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாமே" என்றேன்.

"என்னக்கா, வீடு பளிங்கு மாதிரி இருக்கு. சரி, உங்க ஆசைக்கு நானே ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வர்றேன். பீஸ்கூட வேண்டாம்."

அந்தக் 'பீஸ்கூட வேண்டாம்' என்ற வார்த்தைதான் என்னை உஷார்ப்படுத்தியது. பீஸ் வாங்காமல் ஒருத்தர் வெயிலில் வந்து வீடு பார்ப்பார் என்றால், அவருக்கு வேற எங்கேயோ படி அளக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? வீடு விற்றால் புரோக்கருக்குக் கமிஷன். புரோக்கர் கூட்டிவருகிறவருக்கு அடுத்த வீட்டிலும் அவர்தான் வேலை கொடுக்கணும். அவர் எப்படி "வாங்காதீங்க" என்று சொல்வார்?

அப்போதிருந்து நான் வைத்துக்கொண்ட முதல் கேள்வி இதுதான்: நாங்கள் வீடு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த ஆளுக்கு வரும்படி ஒன்றுதானா? ஆமாம் என்றால் மட்டும் மேலே பேசலாம். வீட்டு விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று கேட்கிறவர் வேண்டாம். விற்கிறவருக்குத் தெரிந்தவர், புரோக்கரின் சிநேகிதர் வேண்டாம். இன்னொன்று, பலபேர் யோசிக்காதது. "ரிப்பேர் இருந்தா நானே காண்டிராக்ட் எடுத்துச் செஞ்சு தர்றேன்" என்கிறவரும் வேண்டாம். அவருக்கு ரிப்பேர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு லாபம். இல்லாத ஓட்டையெல்லாம் தெரியும். பார்க்கிறவர் பார்க்கணும், செய்கிறவர் வேற ஆளாக இருக்கணும்.

இரண்டாவது படிப்பு. இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்லணும். ஏனென்றால் நம்ம ஊரில் கொத்தனார் வேலை தெரிந்து, நாலு வீடு எடுத்துக் கட்டிவிட்டால் அவரையும் 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுகிறோம். அனுபவமுள்ள மேஸ்திரியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், பூச்சைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அஸ்திவாரக் கணக்கும் கம்பிக் கணக்கும் படித்தவருக்குத்தான் தெரியும். சிவிலில் பி.இ.யோ டிப்ளமோவோ முடித்திருக்கணும். வீடு பெரிய விரிசல் விட்டிருந்தாலோ, மாடிக்கு மேல் மாடி இருந்தாலோ, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் என்று அதிலேயே மேற்படிப்பு படித்தவரைப் பார்ப்பது நல்லது. பல்வலிக்கு எல்லா டாக்டரும் பார்க்க மாட்டாங்க இல்லையா, அதுபோல.

படித்தேன் என்று சொன்னால் போதுமா? 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, பிளான் போட்டுக் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, நகராட்சியிலோ மாநகராட்சியிலோ விசாரிக்கலாம். (திருத்தங்கல்காரங்க கவனிங்க, 2021ல் இருந்து நீங்க சிவகாசி மாநகராட்சி!) ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொண்டால் இன்னும் சுலபம். 1972ம் வருஷச் சட்டப்படி, டெல்லியில் இருக்கிற ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் அந்தப் பட்டத்தையே போட்டுக்கொள்ளக் கூடாது. பதிவு எண் சி.ஏ. என்று ஆரம்பிக்கும். அவர்கள் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், இரண்டே நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிட்டான்.

எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாங்கள் கேட்ட மூன்று பேரில் ஒருத்தர், "என்னைத் தெரியாதவங்க இந்த ஊர்ல யாரும்மா?" என்றார். தெரியாத நாங்கள் வந்துவிட்டோம்.

மூன்றாவது, கரிசலில் அவர் எத்தனை வீடு பார்த்திருக்கிறார்? எந்த வீடுகள்? அந்த வீட்டு அம்மாக்களிடம் பேசலாமா? நான் இரண்டு வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டேன். "என்னென்ன குறை சொன்னார்? மழைக்காலத்துல அது சரியா இருந்ததா?" வீட்டுக்குள்ளேயே இருக்கிற நமக்குத்தான் எந்தக் கதவு எந்த மாசம் இறுகும் என்று தெரியும். ஆண்களிடம் கேட்டால் "நல்ல மனுஷர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இப்படித் தேடி, கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சிவில் இன்ஜினியர் சாரைப் பிடித்தோம். 4,000 ரூபாய், எழுத்தில் அறிக்கை, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பணம் உண்டு என்று பேசிக்கொண்டோம். மதினிக்கு ஆத்திரம். "வாய்ல சொல்றதுக்கு நாலாயிரமா?" என்றார்கள். பத்திரம் பதியும்போது முத்திரைத்தாளுக்கு நூற்றுக்கு ஏழும், பதிவுக் கட்டணம் இரண்டும் அரசாங்கத்துக்குக் கட்டுகிறோம். இருபது லட்சம் வீட்டுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். அதில் இது எத்தனாவது பங்கு என்று எங்க வீட்டுக்காரர் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் பேச்சு நின்றது.

சார் வந்தது காலை ஏழரை மணிக்கு, வெளிச்சம் சாய்வாக விழுகிற நேரம். பூசிய விரிசல் அப்போதுதான் தெரியுமாம். ஒரு டார்ச், ரசமட்டம், தூக்குக்குண்டு, சின்னச் சுத்தியல், இவ்வளவுதான் கொண்டு வந்தார். இரண்டரை மணி நேரம் பார்த்தார். நான் கூடவே நடந்தேன். சகோதரிகளே, கட்டாயம் கூடவே போங்கள். அறிக்கையில் இருப்பதைவிட நடக்கும்போது சொல்வது அதிகம்.

முதலில் வீட்டுக்குள் போகவே இல்லை. வெளியே ஒரு சுற்று சுற்றினார். பக்கத்து வீட்டுத் துவைக்கிற கல் நாங்கள் பார்த்த வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தது. சோப்புத் தண்ணீர் முழுக்க அந்தச் சுவரடியில் ஊறுகிறது. எதிர்ப்பக்கம் ஒரு பெரிய வேப்பமரம், அது மண்ணில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிறது. "ஒரு பக்கம் எப்பவும் ஈரம், மறுபக்கம் எப்பவும் காய்ச்சல். கரிசல்ல இதுதாம்மா முதல் வியாதி" என்றார். வீட்டைச் சுற்றி மூன்றடி, நாலடிக்கு சிமெண்டுத் தளம் போட்டு, தண்ணீர் வெளியே ஓடுகிற மாதிரி வாட்டம் வைத்திருந்தால் பாதி வியாதி வராதாம். அங்கே அது இல்லை. சுவரை ஒட்டிச் செடி வைக்க மண்தான் கொட்டியிருந்தார்கள். அழகுக்காம்!

உள்ளே போய் ஜன்னல் மூலைகளைப் பார்த்தார். பூச்சில் தலைமுடி மாதிரி ஓடுகிற கோடுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாமாம், அது பூச்சு காய்ந்ததால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக, படிக்கட்டு மாதிரி ஏறுகிற விரிசல்தான் அஸ்திவாரத்தைக் காட்டிக்கொடுக்கும். அதே இடத்தில் வெளிச்சுவரிலும் இருந்தால் சுவர் முழுக்கப் பிளந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டில் பின் படுக்கையறை ஜன்னலுக்கு மேலே புது பெயிண்டுக்கு அடியில் அப்படி ஒரு கோடு இருந்தது. கட்டி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அந்த அறைக் கதவு அடியில் இழைத்திருந்ததையும் காட்டினார். இறுகுகிற கதவை இழைத்துவிட்டால் வாங்குகிறவருக்குத் தெரியாது. நான் அதே கதவை மூன்று தடவை திறந்து பார்த்திருக்கிறேன், லேசாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். திறமையான ஆசாரி!

மாடித் தளத்தில் ஒரு ஓரத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அது குழாய்ப் பக்கம் போகாமல் நடுவில் தேங்கியது. தரை டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். சில இடம் 'டங் டங்' என்று வெற்றுச் சத்தம். மீட்டர் பெட்டியைத் திறந்து எர்த் எங்கே என்று தேடினார். குழந்தைகள் இருக்கிற வீட்டில் உயிர் காக்கிற சுவிட்ச், ஆர்.சி.சி.பி. என்பார்கள், அது இருக்கிறதா என்று பார்த்தார். கட்டும்போது எந்தத் தண்ணீர் என்றும் கேட்டார். இது எங்க ஊருக்கே உரிய கேள்வி. பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, சில வருஷத்தில் கூரையிலிருந்து கலவை பெயர்ந்து விழும். சுவரடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பும் ஓதமும் சேர்ந்திருக்கிறது என்று கவனிக்கணும்.

கடைசியாக ஒன்று கேட்டார். பின்சுவரை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஒரு குழி தோண்டி அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கணும், பார்த்துவிட்டு அன்றைக்கே இறுக்கமாக மூடிவிடலாம் என்றார். அல்லது கட்டும்போது எடுத்த போட்டோ இருந்தாலும் காட்டுங்கள் என்றார். விற்கிறவர் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்கின பிறகு நீங்க எவ்வளவு வேணா தோண்டிக்கோங்க" என்றார். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாமா என்று கேட்டோம். அதற்கும் இன்னொரு பார்ட்டி ரெடியாக நின்றது.

சார் "வாங்குங்க" என்றும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவு எண்ணும் தேதியும் போட்டுக் கொடுத்தார். எதை நேரில் பார்த்தார், எதைப் பார்க்க முடியவில்லை, எது உடனே செய்ய வேண்டியது, எதற்கு ஏறக்குறைய என்ன செலவு ஆகும் என்று தனித்தனியாக இருந்தது. 'அஸ்திவாரம் பார்க்க அனுமதிக்கப்படவில்லை' என்ற வரியைப் படித்துவிட்டு எங்க வீட்டுக்காரர் அன்று இரவு சாப்பிடவில்லை. அவ்வளவு ஆசைப்பட்ட வீடு. காலையில் எழுந்து, "வேண்டாம், விட்டுருவோம்" என்றார். மதினி இரண்டு மாதம் எங்க வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த வீட்டை வேற ஒரு குடும்பம் வாங்கிக் குடியிருக்கிறார்கள். நல்லா இருக்கட்டும்.

பிறகு பார்த்தது பதினான்கு வருஷத்துப் பழைய வீடு. கிரானைட் இல்லை, தரை சிவப்பு ஆக்சைடு. வீட்டுக்கார அண்ணாச்சி, "தோண்டிப் பாருங்கம்மா, எனக்கு என்ன" என்று மண்வெட்டியும் கொடுத்தார். நாலரை அடியில் சுக்கான் தட்டுப்பட்டது, அஸ்திவாரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது. குறையும் இருந்தது. மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்து ஒழுகல், எர்த் சரியில்லை, செப்டிக் டேங்க் போருக்கு ரொம்ப நெருக்கம். அறிக்கையைக் காட்டி, ரிப்பேர் செலவில் ஒரு பங்கை விலையில் குறைத்துப் பேசினோம். அண்ணாச்சியும் தாளில் இருப்பதைப் பார்த்து ஒத்துக்கொண்டார். வாயால் பேரம் பேசியிருந்தால் ஒரு பைசா குறைந்திருக்காது.

இன்னும் ஒரு விஷயம், இது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துச் சகோதரிகளுக்கு. இன்ஜினியர் வீட்டைத்தான் பார்ப்பார், பக்கத்து வீட்டைப் பார்க்க மாட்டார். அதை நாம்தான் பார்க்கணும். 2016 அக்டோபர் 20ந் தேதி, தீபாவளி நெருக்கத்தில் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கடையில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்திலிருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகை புகுந்து, எட்டுப் பேருக்குக் குறையாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். பட்டாசுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஸ்கேன் எடுக்கப் போனவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது புரோக்கர் இல்லாமல் ஒரு நாள் தனியாகப் போய், தெருக்குழாயடியில் நின்று பேச்சுக் கொடுங்கள். பக்கத்துத் தகரச் செட்டில் என்ன வேலை நடக்குது? தாளில் குழாய் சுற்றுவதும், தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதும் ஒன்றும் செய்யாது, எங்க தெருவில் பாதி வீட்டில் அதுதான் வருமானம். மருந்து அடைப்பதும் வெடி மருந்து வைத்திருப்பதும் குடியிருக்கிற இடத்தில் கூடாது, சட்டப்படி லைசென்ஸ் பெற்ற இடத்தில்தான் செய்யணும். தீபாவளிக்கு முன்னால் இரண்டு மாதம் மட்டும் அந்த செட்டில் பெட்டி அடுக்குவார்களா என்றும் கேளுங்கள். ஆனி, ஆடியில் பார்த்தால் காலியாகத்தான் இருக்கும். தெருவுக்குள் தீயணைப்பு வண்டி திரும்புமா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

புதிதாக அடுக்குமாடியில் பிளாட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'ரெரா' சட்டப்படி பதிவான திட்டமாக இருந்தால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், கட்டியவர் முப்பது நாளுக்குள் தன் செலவில் சரிசெய்து தரணும். ஆனால் எட்டு வீட்டுக்குள்ளேயோ, 500 சதுர மீட்டர் நிலத்துக்குள்ளேயோ அடங்குகிற திட்டத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. எங்களை மாதிரி தெருவில் ஒற்றை வீடு வாங்குகிறவர்களுக்கு அந்தக் குடை இல்லை.

வக்கீலிடம் வில்லங்கம், பட்டா எல்லாம் பார்ப்பதை யாரும் விடுவதில்லை, அதை நான் எழுத வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. சின்ன வீடு, மனை வாங்குகிற சகோதரிகள் வீட்டில் இதைச் சத்தமாகவே சொல்லலாம்.

எங்களுக்குத் தை மாதம் பத்திரம். அதற்குள் அடைமழை ஒன்று பெய்தால், வீட்டைப் பூட்டி வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் சாவி வாங்கிக்கொண்டு போய் இன்னொரு தடவை மாடித் தளத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். தட்டோடு வேலைக்கு விருதுநகர்ப் பக்கம் நல்ல ஆள் தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதினால் உதவியாக இருக்கும்.

– ஒரு வாசகி, விருதுநகர்.